வலை எப்படி மாறி வருகிறது? அது சமூகத்தை என்ன செய்கிறது?

இருபத்தைந்து வருடமாக இணையதளம் கட்டுவதுதான் என் பிழைப்பு. எனவே என் பதில் ஒரே ஒரு விஷயத்தின் பக்கம் சாய்ந்திருக்கும்: லிங்க்.

போன மாதம் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவியபோது, 2003 வாக்கில் சேர்த்துவைத்த புக்மார்க் கோப்பு ஒன்று அகப்பட்டது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் செத்துப்போயிருந்தன. சிலவற்றில் முகவரி அதேதான், உள்ளே சூதாட்ட விளம்பரம் குடியேறியிருந்தது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டில் இல்லாமல் போய்விட்டன.

லிங்க் சாகக்கூடும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு. 1989இல் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் அதற்கான தன் திட்டத்தை எழுதிக் கொடுத்தபோது, ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஏற்பாடுகள் ஏற்கெனவே இருந்தன. ஆனால் அவற்றில் பல, எது எதோடு இணைந்திருக்கிறது என்ற கணக்கை ஓரிடத்தில் வைத்து, இணைப்பு அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டன. பெர்னர்ஸ்-லீ அந்தக் கணக்கையே தூக்கிப் போட்டார். யாரும் யாருக்கும் லிங்க் கொடுக்கலாம், அனுமதி கேட்க வேண்டாம். அந்தப் பக்கம் நாளை இல்லாமல் போனால் '404, பக்கம் இல்லை' என்ற செய்தி வரும், அவ்வளவுதான். இப்படிக் கையை விட்டதால்தான் வலை காட்டுக்கொடி மாதிரிப் படர்ந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டதும் பெரிய காரணம். அப்போது போட்டியில் இருந்த, இணையத்தில் ஆவணங்களைத் தேடிப் படிக்க உதவிய கோஃபர் என்ற ஏற்பாட்டுக்கு மின்னசோட்டா பல்கலைக்கழகம் கட்டணம் பற்றிப் பேச ஆரம்பித்ததும் ஜனங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நான் ஒரே வரியில்தான் பார்க்கிறேன்: நாம் நடக்கும் தூரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. முதலில் லிங்க் பிடித்து லிங்க்காகப் போனோம். பிறகு தேடுபொறி வந்தது, கேட்டால் பத்து வாசல் காட்டியது. அடுத்து ஃபீட். அங்கே கேட்கவே வேண்டாம், தானாக வந்து கொட்டும். 2006இல் ஃபேஸ்புக் நியூஸ் ஃபீடைக் கொண்டுவந்தபோது அதன் பயனர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள் என்று இன்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அதே ஆண்டுதான் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், தள்ளத் தள்ளப் பக்கம் தீராமல் வந்துகொண்டே இருக்கும் முடிவில்லாத ஸ்க்ரோலை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வருந்தவும் செய்தார். நானும் அந்தப் பாவத்தில் பங்காளி. ஒரு வாடிக்கையாளரின் தளத்தில் 'அடுத்த பக்கம்' பொத்தானை எடுத்துவிட்டு அதை வைத்தேன். ஆட்கள் தங்கும் நேரம் கூடியது, எனக்குப் பாராட்டு கிடைத்தது. அந்தப் பொத்தான், போதும் என்று எழுந்துபோக ஒருவருக்குக் கிடைத்த இடைவெளி என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, சமூகம்? 'பொய்ச்செய்தி பரவுகிறது' என்பதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது 'எல்லாரும்' என்ற சொல். என் மைத்துனரும் நானும் எதைப் பற்றியாவது மல்லுக்கட்டினால், "எல்லாரும் இதைத்தானே பேசிக்கிறாங்க!" என்று அவர் போனை நீட்டுவார். நானும் அதையே சொல்லி என் போனை நீட்டுவேன். இருவருமே பொய் சொல்லவில்லை. அவருடைய எல்லாரும் வேறு, என்னுடைய எல்லாரும் வேறு. முன்பு ஒரே செய்தியைப் படித்துவிட்டுச் சண்டை போட்டோம். இப்போது சண்டைக்கே பொதுவான ஒரு பொருள் இல்லை.

இதற்கிடையில் லிங்க் தீண்டத்தகாததாகிவிட்டது. 'லிங்க் முதல் கமெண்டில்', 'லிங்க் பயோவில்' என்று எழுதுகிறோமே, ஏன்? இன்ஸ்டாகிராம் பதிவின் வாசகத்தில் லிங்க் போட்டாலும் அதைத் தட்ட முடியாது. வெளியே போகும் வாசல் எந்தச் செயலிக்கும் பிடிப்பதில்லை.

இப்போது ஏஐ. கேட்டால் வாசல்கூட இல்லை, பதிலே வந்துவிடுகிறது. வசதிதான், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் இதில் ஒரு பழைய கொடுக்கல் வாங்கல் முறிகிறது. தேடுபொறி என் பக்கத்தைப் படித்துக்கொள்ளும், பதிலுக்கு எனக்கு வாசகரை அனுப்பும். அப்படிப் படிக்க வரும் பாட்களுக்கு, அதாவது தானாக இயங்கும் நிரல்களுக்கு, எங்கே நுழையலாம், எங்கே கூடாது என்று சொல்ல 1994இல் ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற சின்னக் கோப்பு வழக்கத்துக்கு வந்தது. அதில் பூட்டு எதுவும் கிடையாது, 'தயவுசெய்து' என்று எழுதி ஒட்டிய அட்டை மாதிரி. மரியாதையால் ஓடிய ஏற்பாடு. சைக்கிள் பழுதுபார்ப்பது பற்றிப் பல வருடமாக எழுதிவரும் ஒருவரின் தளத்தை நான் பராமரிக்கிறேன். அதன் சர்வர் பதிவேட்டில் இன்று மனிதர்களைவிட பாட்கள் அதிகம். "அப்ப நான் யாருக்காக எழுதிட்டிருக்கேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரைப் போன்றவர்கள் நிறுத்திவிட்டால் நாளைக்கு ஏஐ எதைப் படித்துப் பதில் சொல்லும் என்பதும் தெரியவில்லை.

பழசு எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து வலை, கணினியும் ஆங்கிலமும் கைவசம் இருந்தவர்களின் கூடாரம். இன்று எழுதப் படிக்கத் தெரியாதவர் குரலாலேயே தேடுகிறார், வீடியோ பார்த்துத் தொழில் கற்கிறார். பார்வையற்ற என் சக ஊழியர் ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்று ஏஐயிடம் கேட்டுக்கொள்கிறார். முன்பெல்லாம் பக்கத்து மேசைக்காரரை அழைக்க வேண்டியிருந்தது. அவரிடம் போய் "பழைய வலையே மேல்" என்று சொன்னால் சிரிப்பார்.

உலகின் முதல் இணையதளத்தை 2013இல் செர்ன் அதன் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தது. ஒரு முறை திறந்து பாருங்கள். படம் இல்லை, விளம்பரம் இல்லை, குக்கி அனுமதி கேட்கும் பெட்டி இல்லை. சில வரிகள், நிறைய லிங்க். தொடக்கத்திலேயே இருக்கும் லிங்க்குகளில் ஒன்றின் பெயர், 'வெளியே என்ன இருக்கிறது?'