மடக்கினால் மட்டும் போதுமா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரு மர்ஃபி டவுனில் வீட்டு முற்றத்திலேயே சைக்கிள் பழுது பார்க்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மடக்கு சைக்கிளைப் பற்றியவை.

*

கேள்வி: லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். சுவாமி விவேகானந்தா சாலை மெட்ரோ நிலையம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பட்டந்தூர் அக்ரஹாராவில் இறங்கினால் அலுவலகம் இன்னும் ஒரு கிலோமீட்டர். இரு முனையிலும் ஆட்டோவுக்குக் கொடுத்து மாளவில்லை. மடக்கு சைக்கிளை மெட்ரோவிலேயே கொண்டுபோகலாம் என்கிறார்கள். 16 அங்குலச் சக்கரம் வாங்கலாமா, 20 அங்குலமா? எடை குறைந்ததாகச் சொல்லுங்கள் ஐயா.
– வாசகி, ஜீவன்பீமா நகர்

பதில்: சக்கரம் இருக்கட்டும் அம்மா, முதலில் அளவு நாடாவை எடுங்கள். பெங்களூரின் 'நம்ம மெட்ரோ' நிறுவனம் 2021-இல் மடக்கு சைக்கிளை அனுமதித்தபோது சில நிபந்தனைகளையும் சேர்த்தே சொன்னது. எடை 15 கிலோவைத் தாண்டக்கூடாது. மடித்த பிறகு 60 × 45 × 25 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். உறை போட்டிருக்க வேண்டும். கடைசிப் பெட்டியில்தான் ஏற வேண்டும்.

எடை நிபந்தனை நியாயமானது. அலுமினியச் சட்டம் உள்ள வண்டிகள் 12, 13 கிலோவில் கிடைக்கின்றன. இரும்புச் சட்டமாக இருந்து, அதில் கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாம் ஏறினால் 15-ஐத் தொட்டுவிடும். விளம்பரத்தில் போடும் எடையில் இவற்றைச் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

ஆனால் அந்த அளவு நிபந்தனையை எழுதியவரின் மனத்தில் சைக்கிள் இருந்திருக்காது, சூட்கேஸ்தான் இருந்திருக்கும். நடுவில் இரண்டாக மடியும் 20 அங்குல வண்டி, மடித்த பிறகும் 80 சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். சிறிதாக மடிவதில் பேர்போனது லண்டனில் செய்யப்படும் பிராம்ப்டன். ஆண்ட்ரூ ரிட்சி என்பவர் 1970-களின் நடுவில் தம் குடியிருப்பு அறையிலேயே வடிவமைத்தது. ஜன்னலுக்கு எதிரே தெரிந்த தேவாலயத்தின் பெயரை அதற்கு வைத்தார். அந்த வண்டியே மடித்தால் 64.5 × 58.5 × 27 சென்டிமீட்டர். நாடாவைப் பிடித்தால் மூன்று பக்கமும் மீறும். விதியை எழுத்துக்கு எழுத்து பார்க்கிற காவலர் ஒருவர் அமைந்துவிட்டால் லட்ச ரூபாய் வண்டியும் வாசலில்தான் நிற்கும்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே, கடைக்காரரிடம் மடித்த அளவை எழுதி வாங்கிக்கொண்டு, ஏறும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் கேட்டு வாருங்கள். இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். காலையில் விட்டவர்கள் இருந்து, மாலையில் விடாதவர்கள் இருந்தால் சைக்கிள் அலுவலகப் பக்கமும் நீங்கள் வீட்டிலுமாக இருப்பீர்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். பெண்களுக்கு ஒதுக்கிய இடம் ரயிலின் முன்பக்கம். சைக்கிளுக்கு உரியது கடைசிப் பெட்டி. காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் நீங்கள் அந்த வசதியை விட்டுக்கொடுத்துத்தான் பின்னால் ஏற வேண்டும். கடைக்காரர் யாரும் இதைச் சொல்ல மாட்டார்.

பிறகு உங்கள் மாடிப்படி. எத்தனை கிலோ என்பதைவிட, அந்தக் கிலோ உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் கையை வலிக்கச் செய்யும். பிராம்ப்டன்போல மூன்றாக மடியும் 16 அங்குல வண்டி ஒரு கையில் இடுப்பை ஒட்டித் தொங்கும். இரண்டாக மடியும் 20 அங்குல வண்டியை விறகுக் கட்டைப்போல அணைத்துத் தூக்க வேண்டும். பெடல் கெண்டைக்காலைப் பதம் பார்க்கும். கடையிலேயே நீங்களாக மடித்து, நீங்களாகத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறிப் பாருங்கள். "நான் மடித்துக் காட்டுகிறேன் மேடம்" என்று அந்தப் பையன் ஓடிவந்தால் நன்றி சொல்லி நிறுத்திவிடுங்கள். மடித்த நிலையில் தரையில் உருட்டிக்கொண்டு போக முடிகிறதா என்பதையும் பாருங்கள். நடைமேடையில் அதுதான் கை கொடுக்கும்.

இரண்டு நிலையங்களும் தலையாட்டினால் 16 அங்குலம், மூன்று மடிப்பு. பிராம்ப்டன் இந்தியாவில் லட்சத்துக்கு மேல் போகும். அதே பாணியில் மடிபவை வேறு பெயர்களில் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றின் கீலை எப்படிச் சோதிப்பது என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

தலையாட்டாவிட்டால், பழைய சாதாரண லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்குங்கள். இரவில் கீழ்த்தளத்துக் கம்பிக் கதவோடு சேர்த்துப் பூட்டுங்கள், பகலில் நிலையத்து நிறுத்துமிடத்தில் பூட்டுங்கள், அந்தப் பக்கத்து ஒரு கிலோமீட்டரை நடந்து கடந்துவிடுங்கள். கால் மணி நேரம் ஆகாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால், அனுமதி கிடைத்தாலும் இதைத்தான் செய்வேன். மடக்குகிற வசதிக்குக் கொடுக்கும் பணம், நாள்தோறும் மடக்கித் தூக்கியே ஆகவேண்டியவர்களுக்குத்தான் செல்லுபடியாகும்.

*

கேள்வி: எனக்கு 68 வயது. உயரம் ஐந்தடி பத்து, எடை 92 கிலோ. காலை உயரத் தூக்காமலே ஏறலாம் என்று மகன் இணையத்தில் ஒரு மடக்கு சைக்கிள் வரவழைத்துக் கொடுத்தான். பால், காய்கறி, மருந்துக்கடை, அவ்வளவுதான் என் பயணம். ஆனால் ஓட்டும்போது ஹேண்டில்பார் ஆடுகிறது. பிரேக் பிடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம். ஆபத்தா?
– வாசகர், லிங்கராஜபுரம்

பதில்: அந்த 'டக்' நின்ற பிறகுதான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும் ஐயா. மடக்கு சைக்கிளில் ஹேண்டிலைத் தாங்கும் கம்பி நீளமானது. அழுத்தினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அது அதன் பிறவிக் குணம், விட்டுவிடலாம். சத்தத்தோடு ஆடினால் எங்கோ ஓர் இணைப்பில் இடைவெளி விழுந்திருக்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. வண்டிப் பக்கத்தில் நின்று முன்பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசையுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால், இணைப்பின் பொருத்து வாயில் குறுக்கே விரலை வைக்கச் சொல்லுங்கள். முதலில் ஹேண்டில் கம்பியின் அடியில் உள்ள கீல், பிறகு சட்டத்தின் நடுவில் உள்ள கீல், பிறகு முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல் உள்ள பேரிங் கப். எங்கே இரண்டு உலோகமும் தனித்தனியாக நகருகிறதோ அங்கே விரலுக்குத் தெரிந்துவிடும்.

கீல் கொக்கியில் இறுக்கத்தைக் கூட்டக் குறைக்க ஒரு சிறிய திருகு இருக்கும். உள்ளங்கையால் அழுத்தினால் மட்டுமே மூடும் அளவுக்கு அதை இறுக்குங்கள். ஒரு விரலில் மூடினால் தளர்வு. காலால் மிதித்து மூடவேண்டியிருந்தால் அதிகம். அப்படியே ஓட்டினால் கொக்கியே முறியும். கொக்கி தானாகத் திறந்துகொள்ளாமல் தடுக்க இரண்டாவதாக ஒரு சிறு பூட்டும் இருந்தாக வேண்டும். அது இல்லாத வண்டியை என் முற்றத்துக்குக் கொண்டுவந்தால், நான் ஆணி போட்டுச் சரிசெய்ய மாட்டேன். திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இறுக்கிய பிறகும் சத்தம் வந்தால், வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டூல் ரூமில் நாங்கள் செய்துவந்த பழைய முறை ஒன்று உண்டு. கீலைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே நுழைந்த எண்ணெய் திரும்பக் கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுப்பாக ஒரு கோடு எழும். பெயிண்டு மட்டும் கீறியிருந்தாலும் மெல்லிய கோடு வரலாம். அப்போது அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். மறுபடியும் கோடு வந்தால் அந்தச் சட்டத்துக்கு வைத்தியம் கிடையாது. பக்கத்து வெல்டிங் கடையில் பற்றவைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அலுமினியச் சட்டத்தைப் பற்றவைத்தால் அதைச் சுற்றியுள்ள இடம் வலுவிழந்துவிடும்.

உங்கள் எடைக்கு வருகிறேன். இவ்வகை வண்டிகள் பலவற்றுக்கு 100, 110 கிலோ என்று எல்லை போட்டிருப்பார்கள். அது ஆளும் சாமானும் சேர்ந்த கணக்கு. நீங்கள் 92 என்றால் காய்கறிப் பைக்கு மிச்சம் கொஞ்சம்தான். அரிசி மூட்டையைக் கடைக்காரரே கொண்டுவந்து போடட்டும். உயரத்துக்காக சீட் கம்பியை ஏற்றியிருப்பீர்கள். அதில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் கம்பி போதிய ஆழம் உள்ளே இல்லை என்று பொருள். தெரிகிறது என்றால், இந்த வண்டி உங்கள் உயரத்துக்குச் செய்யப்பட்டது இல்லை ஐயா. மகனிடம் பக்குவமாகச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். வேட்டியோடு ஏறி இறங்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், மேல் குழாய் தாழ்ந்த, மடங்காத வண்டிகள் நிறைய உண்டு.

*

கேள்வி: சின்னச் சக்கரம் என்றால் கால் ஓயாமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டாமா?
– கல்லூரி மாணவர், விவேக் நகர்

பதில்: வேண்டாம், தம்பி. சக்கரம் சிறியதானால் செயின் வீலைப் பெரியதாக வைத்து ஈடுகட்டிவிடுவார்கள். 28 அங்குலச் சாதாரண சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள். 28-ஐ 44-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் 68. 20 அங்குல மடக்கு சைக்கிளில் முன்னால் 52, பின்னால் 14 என்றால் 74. அதாவது ஒரு மிதிக்குச் சின்னச் சக்கர வண்டி கூடுதல் தூரம் போகிறது. புறப்படும்போதும் சிக்னலில் நின்று கிளம்பும்போதும் அதுதான் சுறுசுறுப்பு.

அது தோற்கும் இடம் பள்ளம். பெரிய சக்கரம் மேலாக உருண்டு கடக்கும் குழிக்குள் சிறியது இறங்கிவிடும். நம் ஊர்ச் சாலைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அகலமான டயராகப் போட்டுக்கொள், இருட்டில் நிதானமாகப் போ. அல்சூர் ஏரிப் பக்கத்திலிருந்து டிரினிட்டி சர்க்கிளுக்கு ஏறுவதுபோன்ற மேடு உன் வழியில் இருந்தால் கியர் வைத்த வண்டி வாங்கு. செயினை மாற்றிவிடும் வகைக் கியர், சின்னச் சக்கரத்தில் தரைக்கு மிக அருகில் தொங்கும். மழைச் சேறெல்லாம் அதன் மேல்தான். பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள் அடங்கிய மூன்று கியர் கிடைத்தால் விலை கூடினாலும் அதையே எடு.

*

கேள்வி: டயர், ட்யூப் எல்லாக் கடையிலும் கிடைக்குமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: டயரின் பக்கவாட்டில் 47-406 என்பதுபோல எழுதியிருக்கும். இரண்டாவது எண்தான் முக்கியம். டயர் உட்காரும் ரிம்மின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 20 அங்குலத்தில் 406 என்றால் கவலை வேண்டாம். சிறுவர் சைக்கிள்களுக்கும் அதே அளவு ஓடுவதால் தெருமுனைக் கடையிலும் இருக்கும். அதே 20 அங்குலப் பெயரில் 451 என்றும் ஒன்று வருகிறது; அழகாக, ஒல்லியாக இருக்கும். 406 டயர் அதில் ஏறாது.

16 அங்குலத்திலும் இதே கதை. குழந்தைகள் சைக்கிளுக்கு 305, பிராம்ப்டன் வகைக்கு 349. பெயர் ஒன்று, அளவு வேறு. 349 வாங்கினால் டயர் ஒன்றையும் ட்யூப் இரண்டையும் வண்டியோடு சேர்த்தே வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள்.

*

கேள்வி: மின்சார மடக்கு சைக்கிள்?
– வாசகர், காக்ஸ் டவுன்

பதில்: 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகம் என்றால் பதிவும் லைசென்சும் தேவையில்லை. மேட்டில் சுகம்தான். ஆனால் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து எடையை எளிதாக 18, 20 கிலோவுக்குக் கொண்டுபோய்விடும். மெட்ரோவின் 15 கிலோ கணக்கில் அது நிற்காது. காரின் பின்பெட்டியில் வைத்து எடுத்துப்போகிறவருக்குச் சரி. உங்களுக்குக் கார் உண்டா என்று எழுதவில்லையே.

*

கேள்வி: மடக்கு சைக்கிளை வரவேற்பறையில்தான் வைக்கிறேன். சுவரிலும் சோபாவிலும் செயின் கறை. வீட்டில் அன்றாடம் சண்டை.
– வாசகர், அல்சூர்

பதில்: வீட்டில் சொல்வதுதான் சரி. இரண்டாக மடியும் வண்டிகள் பலவற்றில், மடித்த பிறகு செயின் வெளிப்பக்கம் வந்துவிடும். மூன்று மடிப்பு வண்டியில் இரு சக்கரங்களுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளும். வாங்கியாகிவிட்டதால் செயினைக் கவனியுங்கள். மோட்டார் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் ஊற்றியிருந்தால் முதலில் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள். செயினுக்கென்றே விற்கும் மெழுகுக் கலவையை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, இரவெல்லாம் விட்டுவைத்து, காலையில் மேற்புறத்தை அழுத்தித் துடைத்துவிடுங்கள். வெளியே ஈரம் தெரியக்கூடாது. வேலை நடப்பது கண்ணிக்கு உள்ளேதான்.

சிவாஜி நகரில் பை தைப்பவர் யாரிடமாவது தடித்த கான்வாஸில் கயிறு கோத்த உறை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகத்துக்கு ரெக்சின் வைக்கச் சொல்லுங்கள். மழையில் நனைந்த வண்டியிலிருந்து சொட்டும் நீர் தரைக்கு வராது. அளவு கொடுக்கும்போது வண்டியை மடித்து நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஹேண்டில் எந்தப் பக்கம் துருத்துகிறது என்று தையல்காரர் பார்த்தால்தான் உறை பொருந்தும்.