“அகோரியாகப் போகிறேன்” என்கிறான் தம்பி

கேள்வி: அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. என் ஒரே தம்பிக்கு வயது 23. கொள்ளி வைத்தது அவன்தான். அதன்பிறகு வேலையை விட்டுவிட்டான். ராத்திரியெல்லாம் தூங்காமல் அகோரிகள் வீடியோ பார்க்கிறான். “காசிக்குப் போய் தீட்சை வாங்கப் போகிறேன், தடுக்காதீர்கள்” என்கிறான். அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. அகோரிகள் பிணம் தின்பார்களாமே? அவனை எப்படித் தடுப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சீர்காழி

பதில்:

அன்புள்ள சகோதரி,

பிணம் தின்பது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அகோரிகளில் மிகச் சிலர் அதைச் சடங்காகச் செய்தது உண்மைதான். மண்டையோட்டில் உண்பது, சுடுகாட்டில் ஜபம் செய்வது, மது, மாமிசம் எல்லாம் அந்த மரபில் இருந்தவை. எல்லாமே சிவம் என்றால் சந்தனமும் மலமும், பிணமும் உயிருள்ள உடம்பும் வேறு வேறில்லை என்பது அவர்களுடைய நம்பிக்கை. அருவருப்பும் பயமும் இருக்கிறவரை அது வெறும் வாய்ப்பேச்சு என்பார்கள். அதனால்தான் உலகம் முகம் சுளிக்கிற இடத்திலேயே போய் உட்கார்கிறார்கள்.

வீடியோக்களில் வருகிறவர்களெல்லாம் அகோரிகள் இல்லை. கும்பமேளாவில் நிர்வாணமாகக் குளிக்கும் நாகா சாதுக்கள் அகாடாக்கள் என்ற துறவி மடங்களைச் சேர்ந்தவர்கள், அவர்கள் மரபே வேறு. அப்புறம், காசிப் படித்துறைகளில் சாம்பலைப் பூசிக்கொண்டு போட்டோவுக்குக் காசு கேட்கிறவர்களும் உண்டு.

காசியில் அகோர மரபுக்குத் தலைமைப் பீடம், ரவீந்திரபுரியில் உள்ள, அகோர குருவான பாபா கீனாராமின் கிரீம் குண்ட் ஆசிரமம். வாசலிலேயே பெரிய மண்டையோட்டு உருவங்கள் இருக்கும். உள்ளே அணையாமல் எரியும் துனி, அதாவது சாதுக்கள் வளர்க்கும் புனித நெருப்பு. அதற்கு விறகு, பிணம் எரித்த சிதைகளில் மிஞ்சிய கட்டை. அந்தச் சாம்பல்தான் அங்கே விபூதி. பக்கத்துக் குளத்தில், நோயில் மெலிந்த குழந்தைகளை எடுத்து வரும் தாய்மாரும், பிள்ளை வரம் கேட்கிற பெண்களும் குளிக்கிறார்கள். உடுத்தி வந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவது வழக்கம். வருகிறவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடும்பத்துக்காரர்கள்.

தம்பி பார்க்கிற வீடியோக்களில் அவதூத பகவான் ராம் வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். பீகாரில் 1937-ல் பிறந்து, சின்ன வயதிலேயே கிரீம் குண்டில் தீட்சை பெற்றவர். 1961-ல் ஸ்ரீ சர்வேஸ்வரி சமூகம் என்ற அமைப்பைத் தொடங்கி, கங்கைக்கு அக்கரையில் படாவ் என்ற இடத்தில் தொழுநோயாளிகளுக்கு ஆசிரமமும் மருத்துவமனையும் அமைத்தார். சீடர்களுக்கு மது கூடாது என்றார். வரதட்சணை இல்லாத எளிய கல்யாணங்களை நடத்தினார். ஊரே ஒதுக்கிவைத்த நோயாளியின் புண்ணைக் கழுவிக் கட்டுவதும் அருவருப்பை அறுக்கிற சாதனைதான் என்று செய்துகாட்டினார். 1992-ல் மறைந்தார். அகோர மரபில் நான் மனசாரக் கும்பிடுவது இந்தப் பக்கத்தைத்தான். சுடுகாட்டில் ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுந்துவிடலாம். சீழ் வடிகிற காலைத் தினமும் துடைப்பது அதைவிடக் கடினம்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவெண்காட்டில் இருக்கிற அகோரமூர்த்தியும் சிவன்தான். மானக்கஞ்சாற நாயனார் வீட்டுக் கல்யாணத்துக்குச் சிவபெருமான் மாவிரதி என்ற சைவத் துறவி வேடத்தில் வந்து, மணப்பெண்ணின் கூந்தலைக் கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. எலும்பும் சாம்பலும் அணிந்த துறவிகள் நம் சைவத்துக்குப் புதியவர்கள் இல்லை. மகன் பேய் பிசாசிடம் போகிறான் என்று அவர் பயப்பட வேண்டாம்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். “கொள்ளி வைத்தது அவன்தான்” என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியை விட்டு நகர முடியவில்லை. 23 வயதுப் பிள்ளை அப்பாவின் சிதைக்குத் தீ வைத்திருக்கிறான், அடுத்த நாள் எலும்பும் பொறுக்கியிருப்பான். அதைப் பற்றி இந்த எட்டு மாதத்தில் வீட்டில் யாராவது அவனிடம் பேசினீர்களா? சுடுகாட்டைப் பார்த்துப் பயப்படாத மனிதர்களை அவன் ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு என்ன பார்த்தாய், என்ன தோன்றியது என்று கேளுங்கள். அழுதால் அழட்டும். புத்தி சொல்லாதீர்கள்.

தூக்கமின்மை இத்தனை நாள் நீடிப்பதால் டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் வர மறுத்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு நீங்களே பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள். சாக வேண்டும் என்ற பேச்சு எப்போதாவது வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அவனைத் தனியாகவும் விடாதீர்கள்.

காசிக்குப் போகாதே என்று மட்டும் சொல்லாதீர்கள், சொல்லாமல் கிளம்பிவிடுவான். டாக்டரைப் பார்த்து, அவனுக்குத் தூக்கம் வந்தபிறகு நீங்களும் கூடவே போங்கள். அப்பாவுக்குக் கங்கையில் தர்ப்பணம் கொடுக்கட்டும். கிரீம் குண்டைக் காட்டுங்கள், அப்புறம் அக்கரைக்குப் படாவ் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்ட அன்றைக்கே தீட்சை தருகிறேன் என்கிறவர், பணம் கேட்கிறவர், கஞ்சாக் குழாயை நீட்டுகிறவர் யாராக இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அதற்குப் பிறகும் இந்த வழிதான் வேண்டும் என்றால், ஒரு வருஷம் நம் ஊர்ப் பக்கத்திலேயே ஆதரவற்றோர் இல்லத்திலோ முதியோர் இல்லத்திலோ படுக்கையில் கிடப்பவர்களைக் கவனித்துக்கொள்ளட்டும். அந்த வருஷம் முடிந்தபிறகு தீட்சை பற்றிப் பேசலாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். ரயில் டிக்கெட்டை அவனையே போடச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் சேர்த்து.