"எங்க அம்மாவ யாரும் வீட்ல இருன்னு சொன்னதே இல்ல மிஸ்"

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எம்.ஃபில். ஆய்வுக்காக அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியர் பெல் ஹூக்ஸைப் படித்தபோதே, மாணவிகளோடு வட்டமாக உட்கார்ந்து, அவர்கள் வாழ்க்கையைப் பேசவைத்துத்தான் பாடம் நடத்துவது என்று தீர்மானித்துக்கொண்டேன். போன மாதம் இரண்டாம் ஆண்டு வகுப்பில் "உங்கள் அம்மா வேலைக்குப் போக வீட்டில் அனுமதி உண்டா?" என்று கேட்டு ஒவ்வொருவராகப் பேசச் சொன்னேன். நன்றாகத்தான் போனது. ஒரு மாணவியின் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அவள் முறை வந்தபோது, "எங்க அம்மாவ யாரும் வீட்ல இருன்னு சொன்னதே இல்ல மிஸ்" என்றாள். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சமாளிப்பதற்காக, "இங்கே நாம எல்லாரும் பெண்கள்தானே, என்ன கூச்சம்?" என்றேன். அதற்குப் பிறகு நாலு நாள் அவள் கல்லூரிக்கு வரவில்லை. இப்போது வருகிறாள், வாயே திறப்பதில்லை. "போர்ஷனை முடிச்சோமா போனோமான்னு இருங்க" என்கிறார்கள் ஸ்டாஃப் ரூமில். அவர்கள் சொல்வதுதான் சரியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை. போர்ஷனை முடிக்கத்தான் வேண்டும், அது தனிக் கதை. ஆனால் அந்தப் பெண் சொன்ன வரியை ஏதோ விபத்து நடந்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அன்றைய பாடமே அந்த வரிதான் என்று படுகிறது.

நீங்கள் படித்த ஹூக்ஸ் 1984-ல் எழுதியதும் ஏறக்குறைய இதையேதான். 1963-ல் அமெரிக்காவில் பெட்டி ஃப்ரீடன், வசதியான வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த படித்த மனைவிமாரின் புழுக்கத்தை எழுதினார்; வெளியே போய் வேலை பாருங்கள் என்றார். பெரிய அலை எழுந்தது. ஹூக்ஸ் அதைப் பார்த்து, அந்த அம்மா வேலைக்குக் கிளம்பினால் அவர் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளக் கூப்பிடப்போவது யாரை என்று கேட்டார். கறுப்பினப் பெண்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே வெளியேதான் உழைத்தார்கள். முதலில் அடிமைகளாகப் பருத்திக் காட்டில், பிறகு வெள்ளைக்காரர் வீட்டு அடுக்களையில். வேலை என்பது விடுதலையாக அவர்கள் வாசலுக்கு வந்ததே இல்லை.

இப்போது உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "அனுமதி உண்டா?" நம் பக்கத்தில் எந்தத் தெருவில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு? அக்கிரகாரத்தில் உண்டு, குடியானத் தெருவில் கொஞ்சம் வசதியான வீடுகளில் உண்டு. நடவுக்குப் போகிறவரிடம் போகாதே என்று யார் சொல்வது? பண்ணையாள் காலத்தில் ஒருவரை ஆளாக வைத்தால் அவர் பெண்டாட்டியின் உழைப்பும் சேர்ந்தே நிலச்சொந்தக்காரரான மிராசுதாருக்குப் போனது. கூலி உயர்வு கேட்ட சண்டையில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள்; பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். உங்கள் மாணவியின் பாட்டி அப்போது சிறுபெண்ணாக இருந்திருப்பார். அந்தத் தெருவில் 'அம்மா வேலைக்குப் போகிறாள்' என்றால் இத்தனையும் கூடவே வரும். உங்கள் கேள்வியில் அதற்கு இடமே இல்லை. அவள் ஒரு வரியில் இடம் உண்டாக்கினாள். "எல்லாரும் பெண்கள்தானே" என்று நீங்கள் அதை அடைத்துவிட்டீர்கள்.

சிரித்த இருவருக்கும் அவள் எந்த ஸ்டாப்பில் இறங்குகிறாள் என்று தெரியும். நம் ஊரில் ஜாதியைக் கேட்டா தெரிந்துகொள்கிறோம், பஸ் ஸ்டாப் போதாதா? அரசு ஆவணங்களிலிருந்து, தலித் குடியிருப்பைக் குறிக்கிற 'காலனி' என்ற சொல்லை எடுத்துவிடுவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். கண்டக்டர் வாயிலிருந்து எடுபட எத்தனை வருஷம் ஆகுமோ.

நானும் யோக்கியம் இல்லை. ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்தால், வாங்க வேண்டியவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று வகுப்பிலேயே சொல்வேன். வேலை சீக்கிரம் முடியும். எழுந்து நிற்கிற ஒன்பது பேரை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனிக்க எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

வட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கடைசி பெஞ்சு என்பது ஒரு மறைவிடம். பேச விருப்பமில்லாத பெண்ணுக்கு முன்னால் நாலு ஜடை மறைத்துக்கொண்டிருக்கும். வட்டத்தில் அந்த மறைப்பு இல்லை. எல்லார் கண்ணும் எல்லார் மேலும் இருக்கும். ஒவ்வொருவராகப் பேசு என்பதும் கட்டாயம்தான், சிரித்த முகத்தோடு செய்கிற கட்டாயம். பேர் போடாமல் எழுதச் சொல்லலாமே என்று தோன்றும். நாற்பது பேர் வகுப்பில் கையெழுத்து தெரியாதா உங்களுக்கு?

ஹூக்ஸே இதையும் சொல்லியிருக்கிறார்: தான் வாயைத் திறக்காமல் மாணவர்களை மட்டும் அந்தரங்கம் பேசச் சொல்லும் ஆசிரியர் அதிகாரத்தைத்தான் செலுத்துகிறார். நீங்கள் அன்று உங்கள் அம்மாவைப் பற்றி ஏதாவது சொன்னீர்களா? கடிதத்தில் இல்லை. நீங்கள் எந்தத் தெருப் பெண் என்பதும் இல்லை. எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் வகுப்பில் எல்லாருக்கும் அது தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சரி, இனி என்ன செய்வது? கேள்வியை வீட்டிலிருந்து ஊருக்கு மாற்றுங்கள். 'உன் வீட்டில்' என்று கேட்டதும் அவள் தலை கவிழ்கிறது. 'ஊரில் நடவுக் கூலியை யார் பேசி முடிக்கிறார்கள், ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, மெஷின் வந்த பிறகு அந்தப் பெண்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள்' என்று கேட்டால், வகுப்பிலேயே அதிகம் தெரிந்தவள் அவளாகத்தான் இருப்பாள். அப்போதும் அவளைப் பார்த்துக் கேட்காதீர்கள். பொதுவில் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

எனக்குப் பிடித்த கேள்வி இன்னொன்று உண்டு: ஊரில் எத்தனை பட்டா பெண்கள் பேரில் இருக்கிறது? இதைப் போட்டீர்கள் என்றால் சிரித்த இருவரும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு உண்டு என்று சட்டம் வந்துவிட்டது, மத்தியச் சட்டம் திருந்துவதற்கு 16 வருஷம் முன்பே. ஆனால் ஐந்து வேலி நிலம் உள்ள வீட்டிலும் கல்யாணம் முடிந்த கையோடு அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பத்திரத்துக்குப் பேர் தெரியுமா? விடுதலைப் பத்திரம்! பெண் விடுதலையைப் பற்றி வகுப்பெடுக்கிற நமக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைக்குமா? இதே மண்ணில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981-ல் தொடங்கிய லாஃப்டி இயக்கம், நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிப் பெண்கள் பேரிலேயே பதிவு செய்தது. ஆக, நடவுக்குப் போகிற ஓர் அம்மாவிடம் பட்டா இருக்கலாம், மிராசுதார் வீட்டு அம்மாவிடம் இல்லாமல் இருக்கலாம். யார் மேலே, யார் கீழே என்று இரண்டு பேருமே வேறு மாதிரி பேச வேண்டிவரும். பட்டா இருந்தாலும் அவள் காலனிக்காரிதான், பட்டா இல்லாவிட்டாலும் இவள் பெரிய வீட்டுப் பெண்தான் என்பதும் அந்தப் பேச்சிலேயே வெளியே வரும். அதை நீங்கள் விளக்க வேண்டாம்.

இன்னொரு பாடம் உங்கள் மாணவிகள் பாஸ்புக்கிலேயே இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தின் முழுப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். மூவலூர் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில். அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகப் போனவர், தானே அந்தப் பிடியிலிருந்து தப்பி வந்தவர். பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டது எல்லாப் பெண்களையும் இல்லை, குறிப்பிட்ட ஜாதிப் பெண்களை மட்டும். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டு ஒழித்தார்கள். பெண், ஜாதி, காசு மூன்றும் ஒரே கழுத்தில் ஏறியதற்கு வேறு உதாரணம் எதற்கு?

அந்த மாணவி விஷயம். வகுப்பில் மன்னிப்புக் கேட்காதீர்கள், மறுபடியும் எல்லார் கண்ணும் அவள் மேல் விழும். தனியாகக் கூப்பிட்டு ஆறுதலும் வேண்டாம். ஒரு நாள் ஹூக்ஸை நடத்தும்போது, "இதை இந்த வகுப்பிலேயே ஒருத்தர் என்னைவிடத் தெளிவாகச் சொன்னார், எனக்கு அன்றைக்குப் புரியவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பாராவுக்குப் போய்விடுங்கள். பேர் சொல்லாவிட்டாலும் அவளுக்குப் புரியும். சிரித்தவர்களுக்கும் புரியும்.

அவள் வராத நாலு நாளைப் பற்றி ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. நீங்கள் உங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறீர்கள், அப்படியும் இருக்கலாம். ஆனால் ஊரில் அது என்ன வேலைக் காலம் என்று பார்த்தீர்களா? சம்பா நடவு நடக்கும்போது அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை எடுத்து, போன வருஷத்து ரிஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் யார் யாருக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.