தியரி ரெக்கார்டுக்கா, பாட்டுக்கா?

வணக்கம் சார்,

மதுரையில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு எங்கள் டீம் ஒரு மியூசிக் வீடியோ எடுக்கிறது. பாட்டு வகுப்புத் தோழி எழுதிப் பாடியது. அண்ணன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போன பிறகு தங்கை பாடுவதுபோல் வரும், 3 நிமிடம் 40 வினாடி. ஒவ்வொரு ஷாட்டையும் கட்டம் கட்டமாக வரைந்து ஸ்டோரிபோர்டு முடித்துவிட்டோம். பஸ் ஏறிப் போன வரிக்கு பஸ், அம்மா அழும் வரிக்கு அம்மா அழுகிறார், இடையிசையில் தோழிகள் நான்கு பேர் ஆடுகிறார்கள். ரெக்கார்டில் குறைந்தது ஐந்து மீடியா தியரி வேண்டும் என்கிறார் கைடு. ஷூட் முடிந்த பிறகு எந்த ஷாட்டுக்கு எது பொருந்தும் என்று பார்த்து எழுதிக்கொள்ளலாமா?

– ஒரு மாணவி, மதுரை

அன்புள்ள மாணவிக்கு,

எழுதலாம், மார்க்கும் வந்துவிடும். ஆனால் அந்த ஐந்து தியரியாலும் உங்கள் வீடியோவில் ஒரு ஷாட்கூட மாறியிருக்காது, எனக்கு வருத்தம் அதில்தான். ஸ்டோரிபோர்டு இன்னும் பேப்பரில்தானே இருக்கிறது, இப்போதே தியரியை எடுத்து அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

முதலில் ஆண்ட்ரூ குட்வின், மியூசிக் வீடியோவை ஆராய்ந்து எழுதியவர். பாட்டு வீடியோக்களுக்கென்றே எம்டிவி சேனல் 1981 ஆகஸ்டில் தொடங்கியது, அடுத்த சில வருடங்களிலேயே மியூசிக் வீடியோவைப் பற்றி நிறையப் பேர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், ஆனால் பெரும்பாலும் சினிமாவைப் பார்க்கிற கண்ணோடு. குட்வின் 1992இல் எழுதிய புத்தகத்தில் இவர்கள் படத்தைப் பார்க்கிறார்களே தவிர இசையைக் காதில் வாங்கவில்லை என்று சண்டைக்கு வருகிறார், எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். பாட்டுக்கும் படத்துக்கும் மூன்று விதமான உறவு சொல்கிறார். பாட்டு சொல்வதைப் படம் அப்படியே காட்டலாம், பாட்டில் இல்லாத ஒன்றைப் படம் சேர்க்கலாம், அல்லது பாட்டோடு ஒட்டாமலும் அதற்கு எதிராகவும் போகலாம். உங்கள் ஸ்டோரிபோர்டில் ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் 1, 2, 3 என்று போட்டுக்கொண்டே வாருங்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் வரிகள் வருகிற இடமெல்லாம் 1தான். பஸ் என்றால் பஸ், அழுகை என்றால் அழுகை. பார்க்கிறவருக்கு காதில் கேட்டதே கண்ணிலும் வருகிறது, ஒரு நிமிடத்தில் கவனம் போய்விடும்.

சரி, பஸ் வரியை 2 ஆக்கிப் பார்ப்போம். அண்ணன் விட்டுப்போன டிவிஎஸ் எக்ஸெல்லைத் தங்கை தெருவில் ஓட்டிப் பழகுகிறாள், அம்மா பின்னாலேயே சத்தம் போட்டுக்கொண்டு வருகிறார். பாட்டு அவன் போனதைச் சொல்கிறது, படம் அவன் போனதால் இவளுக்குக் கிடைத்ததைச் சொல்கிறது. இப்போது தங்கை அழுதுகொண்டு நிற்கிற பெண் இல்லை, அவளுக்கென்று ஒரு கதை வந்துவிட்டது. அம்மா அழுகிற வரியை 3 ஆக்கினால்? ஞாயிற்றுக்கிழமை, திருப்பூரில் ஒரு ரூம், ஐந்து பையன்கள் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள், அண்ணனும்தான். எது சரி என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் டீம் முடிவு. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் முடிவு எடுக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்பதே தெரியும்.

அடுத்தது இசை. ஸ்டோரிபோர்டில் வரி இருக்கிறது, தாளம் எங்கே? கெமிக்கல் பிரதர்ஸ் என்ற இசைக் குழுவின் 'ஸ்டார் கிட்டார்' பாட்டுக்கு இயக்குநர் மிஷெல் கோந்த்ரி 2002இல் எடுத்த வீடியோவைப் பாருங்கள். ரயில் ஜன்னல், வெளியே ஓடுகிற காட்சி, அவ்வளவுதான், ஆனால் ஒவ்வொரு கட்டடமும் கம்பமும் பாட்டின் ஒரு சத்தத்தோடு சேர்ந்து வந்து போகும். பிரான்ஸில் நீம் முதல் வாலான்ஸ் வரையிலான ரயில் பயணத்தைப் பகலின் வெவ்வேறு வெளிச்சத்தில் பத்து முறை எடுத்து, எந்தச் சத்தத்துக்கு எந்தப் பொருள் என்பதை முன்கூட்டியே கிராஃப் பேப்பரில் குறித்து, ஆரஞ்சுப் பழத்தையும் முள்கரண்டியையும் ஷூவையும் வரிசையாக அடுக்கியெல்லாம் ஒத்திகை பார்த்திருக்கிறார். கிராஃப் பேப்பர் உங்களுக்கும் கிடைக்கும். பாட்டின் வேகம் 100 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 100 பீட், என்று வைத்துக்கொண்டால் ஒரு பீட் 0.6 வினாடி, வினாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் 15 ஃபிரேம், நான்கு பீட் சேர்ந்த ஒரு பார் 60 ஃபிரேம், மொத்தப் பாட்டும் சுமார் 92 பார். ஒரு பாருக்கு ஒரு கட்டம் போட்டு, தாளம் எங்கே நுழைகிறது, எங்கே நின்று குரல் மட்டும் வருகிறது என்று குறியுங்கள். எக்ஸெல் ஸ்டார்ட் ஆகிற இடம் அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த டான்ஸ். சினிமா ஆய்வாளர் லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரை உங்கள் சிலபஸில் கட்டாயம் இருக்கும். அவர் எழுதியது ஹாலிவுட் படங்களைப் பற்றி, ஆனால் பெண் பார்க்கப்படும் பொருளாகத் திரையில் நிறுத்தப்படும்போது கதை நின்றுவிடுகிறது என்று அவர் சொன்னது உங்கள் இடையிசைக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த நான்கு பேர் யார்? அவர்களை யார் பார்க்கிறார்கள்? தங்கையோடு ஸ்கூலுக்குப் போகிறவர்கள் என்றால், எக்ஸெல் பழகி முடித்த சந்தோஷத்தில் தெருவில் ஆடட்டும், கேமரா அவர்கள் உயரத்தில், நடுவில் நிற்கட்டும். பதில் இல்லையென்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்.

மீடியா ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலை ஷூட்டுக்கு முந்தின வாரம் பயன்படுத்தலாம். எடுக்கிறவர் வைக்கும் அர்த்தத்தைப் பார்க்கிறவர் அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்கலாம், மறுக்கலாம் என்கிறார். ஸ்டோரிபோர்டை போனில் படம் பிடித்து, பாட்டுக்கு மேல் அடுக்கி, விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒரு அம்மாவுக்கும் திருப்பூரில் வேலை பார்க்கிற ஒருவருக்கும் போட்டுக் காட்டுங்கள். பிரியாணி சீனில் அம்மா கோபப்பட்டால் அதை அப்படியே எழுதி வையுங்கள், ரெக்கார்டில் அதைவிட நல்ல பக்கம் உங்களுக்குக் கிடைக்காது.

ஆக குட்வின், மல்வி, ஹால் என்று மூன்று பேர்தான் உங்கள் பாட்டுக்கு வேலை செய்கிறார்கள். ஐந்தாக்குவதற்காக கதை அமைப்பைப் பற்றி எழுதிய ப்ராப்பையும் தொதரோவையும் இழுத்து வராதீர்கள். பழைய ஸ்டோரிபோர்டு, மாற்றிய ஸ்டோரிபோர்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதனால் மாறியது என்று எழுதி, அதைக் கைடிடம் காட்டி, மூன்று போதுமா சார் என்று கேளுங்கள். ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். முதல் எடிட்டான ரஃப் கட் வந்ததும் லிங்க் அனுப்புங்கள்.