ஔவை வேடத்துக்கு யாரை எடுப்பது? பாட்டுப் படத்துக்கான குரல் தேர்வு

கேள்வி: தருமபுரியில் நாங்கள் ஏழு நண்பர்கள். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை 14 நிமிட அனிமேஷன் படமாகச் செய்திருந்தோம். ஐந்து பாட்டு. அதையே இப்போது நடிகர்களை வைத்து 40 நிமிடப் படமாக எடுக்கிறோம். ஔவை வேடத்துக்கு இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள். ஒருவர் பத்து வருடம் பாட்டு கற்றவர். வசனம் பேசினால் பேச்சுப்போட்டி மாதிரி இருக்கிறது. இன்னொருவர் நடிப்பில் அசத்துகிறார். பாடினால் சுருதி இறங்குகிறது. யாரை எடுக்கலாம்? நடிப்பவரே பாடித்தான் ஆக வேண்டுமா? தேர்வை எப்படி நடத்துவது?

பதில்: நடிக்கிறவரை எடுங்கள். ஆனால் அவருக்குச் சுருதி ஏன் இறங்குகிறது என்று கண்டுபிடித்த பிறகு எடுங்கள். இறங்குவதற்கு நான்கு காரணங்கள் உண்டு. அவற்றில் மூன்றை நீங்களே சரிசெய்யலாம்.

அதற்கு முன்னால் ஐந்து பாட்டையும் ஒரு தாளில் எழுதி இரண்டாகப் பிரியுங்கள். வசனத்திலிருந்து நேராகப் பாட்டுக்குள் நுழையும் இடங்கள் ஒரு பக்கம். தாளம், முன்னிசை எல்லாம் வந்த பிறகு தொடங்கும் பாட்டுகள் இன்னொரு பக்கம். ஔவை கதையில் முதல் வகை கட்டாயம் இருக்கும், ஏனென்றால் அவள் பேசுவதே செய்யுளில்தான். அதியமானிடம் பேசிக்கொண்டே இருப்பாள், அடுத்த மூச்சில் விருத்தமாக (தாளம் இல்லாமல் செய்யுளை ராகத்தில் பாடுவது) எடுப்பாள். அங்கே குரல் மாறினால் பார்ப்பவருக்கு உடனே தெரியும். பத்து விநாடி முன்னிசை ஓடிய பிறகு குரல் மாறினால் நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. பின்னணிப் பாட்டுக்குப் பல தலைமுறையாகப் பழகிய காது இது. ஆகவே நடிப்பவரே பாட வேண்டியது விருத்தங்களை மட்டும். தாளக்கட்டுப் பாட்டுகளில் இன்னொருவர் குரல் வந்தாலும் தப்பில்லை.

வெளிநாட்டில் கார்ட்டூன் இசைப்படங்களை நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தவர்களும் ஒரே வழியில் போகவில்லை. 2017-இல் வந்த 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தில் எம்மா வாட்சன் முதலில் நடிகை. பாட்டையும் அவரே பாடினார். 2023-இன் 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்துக்கு ஏற்கெனவே பாடகியாக இருந்த ஹாலி பெய்லியை எடுத்தார்கள். அதற்கெல்லாம் வெகு முன்பு, மேடை நாடகத்திலிருந்து எடுத்த 1964-இன் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்ன் நடித்தார். பாட்டுகளில் பெரும்பகுதியைப் பாடியவர் மார்னி நிக்சன். உங்கள் ஔவைக்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. 1953-இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாளே பேசி, அவரே பாடினார். நாடக மேடையிலிருந்து வந்த குரல் என்பதால் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே தையல் தெரியாது. நீங்கள் தேட வேண்டியது அந்தத் தையல் இல்லாமையைத்தான், அந்தக் குரல்வளத்தை அல்ல. அதைத் தேடினால் கிடைக்காது.

இனி சுருதிக்கு வருவோம். அந்தப் பெண்ணை உட்காரவைத்து, சுருதிப்பெட்டியோடு ஒரே பல்லவியைப் பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். எங்கே இறங்குகிறது என்று கேளுங்கள்.

மேல் சுரங்களில் மட்டும் இறங்கினால் கட்டை (பாடும் அடிப்படைச் சுருதியின் உயரம்) அதிகம். அனிமேஷனில் பாடியவருடைய ஐந்தரைக் கட்டையிலேயே இவரையும் பாடவைத்திருப்பீர்கள். நாலரைக்கும் பிறகு நாலுக்கும் இறக்கிப் பாடவையுங்கள். (மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது, நாலுக்குக் கீழே மூன்றுதான்.) இறக்கும்போது பாட்டின் மிகக் கீழ்ச்சுரம் இன்னும் குரலாக வருகிறதா, வெறும் காற்றாகிவிடுகிறதா என்று பாருங்கள். காற்றானால் அரைக் கட்டை ஏற்றி, உச்ச சுரம் உள்ள அந்த ஒரு வரியின் மெட்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மெட்டுப் போட்டவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

வரியின் முடிவில் மட்டும் இறங்கினால் மூச்சுப் பற்றவில்லை. அனிமேஷன் பாட்டில் இது வழக்கமான பொறி. அங்கே பாடகர் மைக் முன் அசையாமல் நின்று, வரிவரியாகப் பல டேக் பாடியிருப்பார். ஒட்டும்போது மூச்சு வாங்கும் இடங்கள் காணாமல் போயிருக்கும். அப்படி ஒட்டிய பத்து விநாடி வரியை மலையேறிக்கொண்டே ஒருவர் பாட முடியாது. பயிற்சி இல்லாதவருக்கு ஆறேழு விநாடிக்கு ஒருமுறை மூச்சு வாங்க இடம் கொடுங்கள். சொல்லின் நடுவில் வெட்டாதீர்கள். சீர் முடியும் இடத்தில் வெட்டுங்கள்.

சுருதிப்பெட்டியோடு சரியாக இருந்து, அதை நிறுத்தியதும் மெல்ல மெல்ல நழுவினால் காது நன்றாக இருக்கிறது, பிடிமானம்தான் இல்லை. படப்பிடிப்பில் ஒற்றைக் காதில் சிறு இயர்பீஸ் வைத்துச் சுருதியை ஓடவிட்டால் போதும். ஔவையின் நரைமுடி விக் அதை மறைத்துவிடும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் எல்லா இடத்திலும் விலகினால்தான் கவலை. அப்போது இந்தச் சோதனை: ஆர்மோனியத்தில் ஒரு சுரத்தை அழுத்தி 'ஆ' என்று சேரச் சொல்லுங்கள். சேரவில்லை என்றால் 'இன்னும் கொஞ்சம் மேலே' என்று மட்டும் சொல்லுங்கள். இப்படி ஐந்து சுரம், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. நான்கு சுரத்திலாவது சேர்ந்துவிட்டால் தினமும் அரைமணி வீதம் ஆறு வாரப் பயிற்சியில் விருத்தங்களை ஒப்பேற்றிவிடலாம். விலகியிருப்பதே அவருக்குத் தெரியவில்லை என்றால் பாடவைக்காதீர்கள். விருத்தத்தைப் பாட்டாக அல்லாமல் செய்யுளாகச் சொல்லவைத்து, அடியில் தம்புராவை ஓடவிடுங்கள். அதுவும் அழகாகவே இருக்கும்.

'கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாமே' என்று யாராவது சொல்வார்கள். அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால் முப்பது பங்கு வரையிலான விலகலைத் தெரியாமல் திருத்தலாம். அதுவும் சுரம் சுரமாகக் கையால். தானாகத் திருத்தும் முறையில் விட்டால் கமகத்தையும் (சுரத்தை அசைத்துப் பாடுவது) தவறு என்று எண்ணி நிமிர்த்திவிடும். விருத்தம் காலிங்பெல் மாதிரி ஒலிக்கும்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஔவை கிழவி என்பதற்காக இளம்பெண்ணை நடுங்கும் குரலில் பாடச் சொல்லாதீர்கள். சுருதியும் போகும், நாலு டேக்கில் தொண்டையும் கட்டும். ஒரு கட்டை இறக்கி, வேகத்தைச் சற்றுக் குறைத்து, வரியைச் சின்னதாக்கினாலே வயது வந்துவிடும். சொல்லப்போனால் அதியமானைப் பாடிய சங்க ஔவை கிழவியாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. பிற்கால ஔவைகளோடு கலந்து நாம்தான் அவளைப் பாட்டியாக்கிவிட்டோம். நெல்லிக்கனியைச் சொல்லும் புறநானூற்று 91-ஆம் பாட்டில் அவள் மூப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. விக்கையே கழற்றிவிடலாமா என்றும் யோசியுங்கள்.

மற்ற வேடங்களுக்குத் தேர்வு நடத்தும்போது முதல் சுற்றைப் போனிலேயே முடிக்கலாம். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். அது குரலின் தன்மையை நசுக்கிவிடும். போனின் ரெக்கார்டரில் பதிந்து, அந்தக் கோப்பை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். பக்கவாத்தியம் இல்லாமல் தெரிந்த பாட்டு அரை நிமிடம், அதே வரிகள் பேச்சாக அரை நிமிடம், நீங்கள் அனுப்பும் புதிய நாலு வரி இரண்டு நாள் கழித்து. கடைசியாகச் சொன்னது முக்கியம். நாலு வரியைக் கற்க எவ்வளவு நாளாகும் என்று தெரிந்துகொள்ளாமல் ஒத்திகைக்குத் தேதி போட முடியாது.

நேரில் ஆளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வசனம் பேசிக்கொண்டே இடைவெளி இல்லாமல் பாட்டுக்குள் போகச் சொல்லுங்கள். பிறகு நடந்துகொண்டு பாடட்டும், குனிந்து எதையாவது தூக்கிக்கொண்டு பாடட்டும். அதே பல்லவியைக் கோபமாக ஒருமுறை, தாலாட்டாக ஒருமுறை. சொன்ன மாற்றம் குரலில் தெரிகிறதா, முகத்தில் மட்டும் தெரிகிறதா என்று அறிய, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கடைசியில் அவர் பாடியதையே ஓட்டி, அதற்கு வாயசைக்கச் சொல்லுங்கள். நன்றாகப் பாடுகிற சிலர் இதில் தடுமாறுவார்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது) போட்டுப் பழகியவர்கள் என்பதால்.

அதியமானுக்கு வெளியே தேட வேண்டாம். உங்கள் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் தெருக்கூத்துக் கலைஞர்கள் இருக்கிறார்கள். மைக் இல்லாத காலத்திலிருந்து வந்த கலை அது. உச்சக் கட்டையில் விடியவிடியப் பாடும் தொண்டை. அவர்களிடம் சிக்கல் தலைகீழ்: கேமரா மூன்றடியில் இருக்கும்போது குரல் பெரிதாக இருக்கும். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் உயிரையும் சேர்த்துக் குறைத்துவிடுவார்கள். 'பக்கத்தில் குழந்தை தூங்குகிறது' என்று சொல்லிப் பாருங்கள், வேலை செய்யும். பங்குனி முதல் வைகாசி வரை பாரதக்கூத்து நடக்கும் மாதங்களில் தேதி கேட்காதீர்கள். கிடைத்தாலும் இரவெல்லாம் ஆடிவிட்டு வரும் குரல் கரகரத்துத்தான் இருக்கும்.

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பலருக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. அதைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்காதீர்கள். ழகரம் நீண்ட சுரத்தில் வரும் இடங்களை மட்டும் முன்கூட்டியே குறித்துக்கொண்டு பழக்குங்கள். பேச்சில் ஒளிந்துகொள்ளும் ழகரப் பிழை நாலு அட்சரம் (தாள எண்ணிக்கை) நீளும்போது அம்பலமாகும். தமிழே வீட்டுமொழியானவர்களுக்கும் இந்தப் பயிற்சி தேவைதான்.

ஔவையும் அதியமானும் சேர்ந்து பாடும் பாட்டு இருந்தால் கட்டைச் சண்டை வரும். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஐந்து என்று அமைந்தால் அதிர்ஷ்டம்: ஒன்றாம் கட்டையின் பஞ்சமம்தான் (ப) ஐந்தாம் கட்டையின் சட்ஜம் (ச). நடுவில் எட்டு அட்சரம் வாத்தியம் வைத்து அந்தச் சுரத்தில் நின்றால் அவரிடமிருந்து இவருக்குக் கை மாற்றிவிடலாம். மற்றக் கட்டைகளுக்கு இணைப்பு இசை இன்னும் நீளமாக வேண்டும்.

ஆடு மேய்க்கும் சிறுவன் மாதிரி வேடம் ஏதாவது இருந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனின் குரல் உடையும் பருவத்தை மறக்காதீர்கள். பாட்டுப் பதிவு, படப்பிடிப்பு, டப்பிங் மூன்றையும் ஒரே மாதத்துக்குள் முடியுங்கள்.

படப்பிடிப்பில் எதை நேரடியாகப் பாடவைக்கலாம்? விருத்தங்களை மட்டும், அதுவும் அமைதியான இடத்தில். 2012-இல் வந்த 'லே மிசராப்ள்' படத்தில் நடிகர்கள் காதில் பியானோவைக் கேட்டுக்கொண்டு கேமரா முன்னாலேயே பாடினார்கள். ஆர்க்கெஸ்ட்ரா பின்னால் சேர்ந்தது. அதே முறைதான் இங்கும். பாடுகிறவரின் வேகத்துக்கு வாத்தியம் பிறகு வரும். ஒகேனக்கல்லில் இதை நினைக்கவே வேண்டாம். அருவி இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் பரவியிருப்பதால் வடிகட்டினால் குரலும் சேர்ந்து போகும். கிரானைட் அறுக்கும் இடங்களும் தேசிய நெடுஞ்சாலை ஓரமும் அப்படியே. ஊர் தள்ளிய மாந்தோப்பில் விடிகாலையில் எடுக்கலாம், காக்கை விழிப்பதற்குள். ஔவைக்குப் பருத்திச் சேலையே கட்டுங்கள். பட்டாக இருந்தால் காலர் மைக்கில் அதன் சரசரப்புதான் முதலில் பதியும்.

தாளக்கட்டுப் பாட்டுகளை முன்பே பதிவு செய்து நாகராவில் ஓட்டுங்கள். (படப்பிடிப்பில் பாட்டை ஒலிக்கவிடும் கருவி; லேப்டாப்பாக இருந்தாலும் அதற்கு நாகரா என்றுதான் பெயர்.) காட்சியை ஒத்திகை பார்த்த பிறகே பாட்டைப் பதியுங்கள், இல்லாவிட்டால் ஓடும் காட்சிக்கு உட்கார்ந்த குரல் வரும். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்பீக்கர் நடிகருக்கு அருகில் இருக்கட்டும். 34 மீட்டர் தள்ளி வைத்தால் ஒலி வந்துசேர ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்காகும்; அதற்குள் இரண்டு ஃபிரேமுக்கு மேல் ஓடிவிடும், உதடு பிந்தும். புளூடூத் வேண்டாம், ஒயரில் இணையுங்கள். நொடிக்கு 48 ஃபிரேமில் எடுத்து 24-இல் காட்டும் ஸ்லோமோஷன் ஷாட்டுக்குப் பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓட்ட வேண்டும். அதற்கும் ஒத்திகை தேவை, முதல் தடவை எல்லோரும் சிரித்துவிடுவார்கள்.

பத்து வருடம் பாட்டு கற்றவரை விட்டுவிடாதீர்கள். தாளக்கட்டுப் பாட்டுகளில் ஔவைக்கு அவர் குரல் கொடுக்கலாம், நடிகையின் பேச்சுக்குரலுக்கு அருகில் இருந்தால். ஒத்திகைக்கு டிராக் (நடிகை கேட்டுப் பழகும் மாதிரிப் பாட்டு) பாடித் தரவும் அவர்தான் பொருத்தம். ஆனால் நடிகையின் கட்டையில், பிருகா (வேகமான சுர உருட்டல்) இல்லாமல், நேராகப் பாடச் சொல்லுங்கள். டிராக்கில் என்ன இருக்கிறதோ அதைத்தான் நடிகை காப்பியடிப்பார். இரண்டு குரல்களையும் ஒரே மைக்கில், ஒரே அறையில் பதியுங்கள். யார் எதைப் பாடினார் என்று டைட்டிலில் எப்படி வரும், எவ்வளவு பணம் என்பதைப் பதிவுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய அனிமேஷனுக்கு மெட்டும் வரிகளும் தந்தவர்களிடமும் மாற்றங்களுக்கு எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.