அரைக்கிலோ கறி, ஆறு பேர் சாப்பாடு

கேள்வி: வீட்டில் மாமனார், மாமியார், பிள்ளைகள் இரண்டு பேர், நாங்கள் இருவர். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் மட்டன் எடுக்க முடிகிறது, அதுவும் அரைக்கிலோ. கொத்துக்கறியாக வாங்கினால் எல்லோருக்கும் வரும் என்று வாங்குகிறேன், ஆனால் வெந்து இறக்கும்போது சட்டியின் அடியில் கிடக்கிறது. மீல் மேக்கர் கலந்து பார்த்தேன், சின்னவன் முதல் வாயிலேயே கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளிவிட்டான். என்ன செய்யலாம்? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் வாங்குவதைப் பேசிவிடலாம், பாதிக் கறி அங்கேதான் போய்விடுகிறது. கடையில் தட்டில் கொத்தி வைத்திருப்பதை வாங்காதீர்கள். ஒருமுறை நேரமில்லை என்று நான் அப்படி வாங்கினேன். பார்க்க இளஞ்சிவப்பாக அழகாகத்தான் இருந்தது. அடுப்பில் வைத்துக் கிளறக் கிளறக் கொழுப்பு உருகி ஓடி, மிஞ்சியதில் பாதி ஜவ்வு, மெல்லவே முடியவில்லை. முழுக்கறியில் கொழுப்பும் ஜவ்வும் கண்ணுக்குத் தெரியும், கொத்திவிட்டால் தெரியாது. அதனால் துண்டமாகக் காட்டச் சொல்லி, ஜவ்வை எடுத்துவிட்டு, உங்கள் கண் முன்னால் கொத்தச் சொல்லுங்கள். முடிந்தால் கத்தியால் கொத்தித் தரச் சொல்லுங்கள். மெஷினில் போட்டால் கொஞ்சம் கறி உள்ளேயே தங்கிவிடும், அரைக்கிலோ வாங்குகிறவர்களுக்கு அந்த ஒரு பிடி பெரிய விஷயம்.

அடுத்தது, எலும்போடு வாங்குவதா, தனிக்கறியா? எங்கள் பக்கம் நான் கடைசியாக வாங்கியபோது எலும்போடு கிலோ 900 ரூபாய், தனிக்கறி 1,100. ஒரு கிலோ தொடைக்கறியை வீட்டில் எலும்பு பிரித்து நிறுத்துப் பார்த்தேன், கறி 700 கிராம், எலும்பு 300 கிராம். 700 கிராம் தனிக்கறியாக வாங்கியிருந்தால் 770 ரூபாய்தான் ஆகியிருக்கும். ஆக அந்த எலும்புக்கு 130 ரூபாய் கொடுத்திருக்கிறேன். எலும்பைத் தூக்கிப் போடுகிற வீடென்றால் தனிக்கறிதான் லாபம். எலும்பை வைத்து இன்னொரு வேளை ஒப்பேற்றுகிற வீடென்றால் எலும்போடு வாங்குங்கள். உங்களுக்கு இரண்டாவதுதான் சரியாக வரும் என்று நினைக்கிறேன். அரைக்கிலோ எலும்போடு எடுத்தால் 350 கிராம் கறி கொத்துக்கறிக்கு, மிச்ச 150 கிராம் எலும்பு தால்சாவுக்கு. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு, ஒரு கத்தரிக்காய், ஒரு வாழைக்காய், கொஞ்சம் புளி, அந்த எலும்பு, இவ்வளவு போதும், ஆறு பேருக்கும் ராத்திரிச் சோற்றுக்கு ஆச்சு. எலும்பைத் தனியாக ஐந்தாறு விசில் விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே பருப்பை வேகவையுங்கள்.

சரி, இப்போது மீல் மேக்கர். பையன் கண்டுபிடித்ததற்குக் காரணம் இரண்டாக இருக்கும். ஒன்று, பச்சை வாடை போகவில்லை. கொதிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டு 10 நிமிடம் ஊறவைத்து, கையால் அழுத்திப் பிழிந்தால் நுரையோடு மங்கலான மஞ்சள் தண்ணீர் வரும், முகர்ந்து பாருங்கள், அந்த வாடைதான் குழம்பில் இறங்குவது. மறுபடி பச்சைத்தண்ணீர் ஊற்றிப் பிழியுங்கள், தண்ணீர் தெளிந்து வரும் வரைக்கும் மூன்று தடவையாவது. இரண்டு, ஈரத்தோடு போட்டிருப்பீர்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்து வயிறு நிரம்பிய மீல் மேக்கர் கறிச்சாற்றை எப்படிக் குடிக்கும்? ஒட்டப் பிழிந்து, மிக்சியில் ஒரே ஒரு சுற்று விட்டு உதிர்த்து (குருணையாகவே பாக்கெட்டில் கிடைக்கிறது, அதை வாங்கினால் இந்த வேலை மிச்சம்), கறி வெந்து மசாலாவோடு தளதளவென்று இருக்கும்போது போட்டு, சின்னத் தீயில் எண்ணெய் பிரியும் வரை சுருள வதக்குங்கள். 350 கிராம் கறிக்குக் காய்ந்த மீல் மேக்கர் 50 கிராம் போதும், ஊறினால் 150 கிராம் அளவுக்கு வந்துவிடும். அதற்கு மேல் போனால் எந்தப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும்.

ஆனால் என்னைக் கேட்டால் மீல் மேக்கரைவிடக் கடலைப்பருப்புதான். இதில் மறைப்பதற்கே எதுவும் இல்லை, கொத்துக்கறியும் கடலைப்பருப்பும் எத்தனையோ வீடுகளில் வழக்கமாகச் சேர்கிற ஜோடி. 75 கிராம் பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, நசுக்கினால் உடைகிற, ஆனால் குழையாத பதத்தில் வேகவைத்து, கடைசியில் சேருங்கள். உருளைக்கிழங்கு போடுவதென்றால் பொடியாக நறுக்கித் தனியாக எண்ணெயில் வதக்கிவிட்டுப் போடுங்கள். சுரைக்காய், பூசணி வேண்டாம், தண்ணீர் விட்டுக் கறியின் ருசியையே நீர்த்துப்போகச் செய்துவிடும்.

இன்னொன்று, கொத்திய கறியைக் கழுவாதீர்கள், சாறெல்லாம் தண்ணீரோடு போய்விடும். கழுவாமல் மனசு ஒப்பாது என்றால் (எனக்கும் ஒப்பாது) துண்டமாக வாங்கி வந்து, கழுவித் துணியில் ஒற்றி, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து இறுகியதும் மிக்சியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். கடகடவென்று ஓட்டினால் கூழாகிவிடும். கொத்திய கறி முழுக்கறியைவிடச் சீக்கிரம் கெடும், அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

கேள்வி: கோலா உருண்டை செய்தால் கொஞ்சக் கறியே நிறைய வரும் என்றார்கள். எனக்கு எண்ணெயில் போட்டதும் உதிர்ந்துவிடுகிறது.

பதில்: கறியில் ஈரம் இருந்திருக்கும். கால் கிலோ கொத்துக்கறியை மஞ்சள்தூள், உப்பு போட்டுத் தண்ணீர் சுண்ட வதக்கி, நன்றாக ஆறவைத்து, தேங்காய், சோம்பு, கசகசா, மிளகாயோடு தண்ணீர் விடாமல் அரையுங்கள். பொட்டுக்கடலை மாவு மூன்று நான்கு மேசைக்கரண்டி. முதலில் ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பாருங்கள், பிரிந்தால் இன்னொரு கரண்டி மாவு சேருங்கள். நெல்லிக்காய் அளவில் பிடித்தால் 20 உருண்டைக்குக் குறையாது.

கேள்வி: கறிக்கடையில் எடை குறைவதாகச் சந்தேகம். வீட்டுத் தராசில் போட்டால் 50 கிராம் குறைகிறது.

பதில்: எதை நிறுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். நிறுத்த பிறகு கொழுப்பையும் ஜவ்வையும் அரிந்து போட்டிருந்தால் அந்த 50 கிராம் அங்கே கட்டையில் கிடக்கும். அரிந்த பிறகு நிறுக்கச் சொல்வது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம். தராசில் எதுவும் வைக்காதபோது பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். கடைகளின் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை இட வேண்டும். முத்திரை இல்லை, எடையும் திரும்பத் திரும்பக் குறைகிறது என்றால் தேதியையும் பில்லையும் வைத்துக்கொண்டு, மாவட்டத் தொழிலாளர் துறையில் எடையளவு பார்க்கும் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், அல்லது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். பில் கேட்டு வாங்குகிற பழக்கத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.