ஈட்டி என்று சொல்லி விற்ற அலமாரி

கேள்வி: கடலூரில் வசிக்கிறேன். மகள் கல்யாணத்துக்காக நான்கு மாதத்துக்கு முன் புதுச்சேரியில் ஒரு கடையில் 1,40,000 ரூபாய்க்கு அலமாரி வாங்கினேன். ‘ஒரிஜினல் ஈட்டி’ (ரோஸ்வுட் மரம்) என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். பில்லில் ‘மர அலமாரி’ என்று மட்டும் இருக்கிறது. கீல் மாற்ற வந்த ஆசாரி உள்பக்கம் சுரண்டிப் பார்த்து, வெள்ளை மரத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்கிறார். கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். புதுச்சேரியில்தான் வழக்குப் போட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை.

அதற்கு முன், அந்த அலமாரியில் இனி யாரையும் உளி வைக்க விடாதீர்கள், பாலிஷும் போடாதீர்கள். ஆசாரி சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் நீலகிரி, வயநாடு மலைக்காடுகளில் வளரும் அசல் ஈட்டியிலும், அதாவது தோதகத்தியிலும், வைரம், அதாவது நடுக்கட்டை, மட்டும்தான் கருவரி ஓடிய ஊதாப் பழுப்பாக இருக்கும். வைரத்தைச் சுற்றிய வெளிமரம் வெளுத்துத்தான் கிடக்கும். ‘வெள்ளை தெரிந்தால் ஈட்டி இல்லை என்று ஆகிவிடுமா?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். ஒரு சுரண்டலை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

பதில் அதே சட்டத்தின் 38ஆம் பிரிவில் இருக்கிறது. சோதித்தால்தான் குறை தெரியும் என்றால், அந்தப் பொருளிலிருந்து ஆணையமே மாதிரி எடுத்து, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பும். பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் கட்டைத் துண்டை வைத்தே மரம் இன்னதென்று சொல்லிவிடும். அங்கே அனுப்பும்படி மனுவில் கேளுங்கள். ஆய்வுச் செலவை நீங்கள் முன்பணமாகக் கட்ட வேண்டிவரலாம். பின்னால் நிவாரணத்தோடு சேர்த்துக் கேட்கலாம். கதவு, பக்கப் பலகை, உள்தட்டு என்று தனித்தனி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். முகப்பில் மட்டும் மெல்லிய ஈட்டித் தகடு ஒட்டி, உள்ளே வேறு கட்டை வைப்பதும் நடக்கிறது.

பில் மொட்டையாக இருப்பதால் பயப்படாதீர்கள். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது 2(47) பிரிவின்படி நியாயமற்ற வணிகம். அதற்கு அந்த வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் சாட்சி. போனை மாற்றாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். பிரிண்ட் எடுத்து, 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணுப் பதிவுகளுக்கென உள்ள 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள்.

ஈட்டி வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்தப் பெயருக்காகத்தான் நீங்கள் இவ்வளவு பணம் கொடுத்தீர்கள். அதைச் சொல்லி வேறு கட்டையைத் தலையில் கட்டியிருந்தால் சும்மா விடக் கூடாது. இந்த வாரமே கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் கொடுங்கள். அப்புறம் நேரிலோ, நுகர்வோர் புகாருக்கான இ-ஜாகிருதி இணையதளத்திலோ புகார் தாக்கல் செய்யலாம். காலவரம்பு 2 ஆண்டு. ‘பார்த்துச் செய்கிறேன்’ என்று கடைக்காரர் இழுத்தடித்தாலும் அந்தக் காலக் கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.